கேரள எல்லையான வாளையாறு தாண்டினாலும் அட்டை செல்லும்

"தமிழ்நாட்டு மாற்றுத்திறனாளி அட்டை பாலக்காட்டில் செல்லாது. வண்டியில் சக்கர நாற்காலி ஸ்டிக்கர் ஒட்டினால் போதும், பார்க்கிங்கும் டோலும் ஃப்ரீ" என்று ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். இரண்டுமே தப்பு.

யுடிஐடி, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான அந்த அடையாள அட்டை, மத்திய அரசுத் திட்டம். கோயம்புத்தூரில் வாங்கியது கேரளாவிலும் செல்லும். மாநிலத்துக்கு மாநிலம் மாறுவது பென்ஷன், பஸ் பாஸ் மாதிரி விஷயங்கள்; குழப்பம் அங்கிருந்துதான் வந்திருக்கும்.

ஸ்டிக்கர் எந்தக் கடையிலும் கிடைக்கும், அது எந்த உரிமையும் தராது. தேசிய நெடுஞ்சாலை டோலில் விலக்கு, மாற்றுத்திறனாளிக்கென்றே வடிவமைத்த வண்டிக்குத்தான்; ஆர்சியிலும் (வண்டியின் பதிவுச் சான்று) அப்படிப் பதிவாகியிருக்க வேண்டும். சாதாரண காரில் அப்பாவை உட்கார வைத்துப் போனால் பாலக்காட்டுப் பக்கத்து பாம்பாம்பள்ளம் டோலில் ஃபாஸ்டேக்கில் காசு போகத்தான் செய்யும்.

அப்புறம், மாற்றுத்திறனாளிகளுக்கென ஒதுக்கும் பார்க்கிங் இடத்துக்கு 3.6 மீட்டர் அகலம் விடச் சொல்வது சும்மா இல்லை. கதவை முழுசாகத் திறந்து, சக்கர நாற்காலியைப் பக்கத்தில் போட்டு, அதற்கு மாறி உட்காரத்தான் அந்தக் கோடு போட்ட பகுதி. நம்ம ஆட்கள் சரியாக அதில்தான் பைக்கைச் செருகுவார்கள்! அட்டைக்காரர் வண்டியில் இல்லாத நாளில், அவருடைய வண்டியே ஆனாலும், அங்கே நிறுத்தாதீர்கள். அவர் கூட வரும்போது அட்டையைக் கையோடு வைத்திருங்கள். வாட்ச்மேன் கேட்டால் காட்டலாம்.