கேம் பற்றி எழுதுபவர்களில் யாரைப் படிப்பது?

அக்கா பையன் போன வாரம் போன் செய்தான். "மாமா, 4,000 ரூபா போட்டு ஒரு கேம் வாங்கப் போறேன். யார் சொல்றத நம்பலாம்?"

புதுச்சேரியில் இப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். மாலையில் மிஷன் வீதியில் ஒரு துணிக்கடையில் நின்று சேர்த்த பணம் அது. வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்லிவிட மனம் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன், நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மார்க்கைப் பார்க்காதே என்றேன். பத்துக்கு எட்டு, நூற்றுக்குத் தொண்ணூறு என்று போடுகிறார்களே, அதை. 2007-இல் கேம்ஸ்பாட் என்ற விமர்சன இணையதளத்தில் ஜெஃப் கெர்ஸ்ட்மன் என்பவர் கேன் அண்ட் லிஞ்ச் ஆட்டத்துக்கு ஆறு மார்க் போட்டார். அந்த ஆட்டத்தின் விளம்பரம்தான் அப்போது கேம்ஸ்பாட் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு வேலை போயிற்று. நிர்வாகத்துக்கு வந்த அழுத்தத்தை அவரே வெளிப்படையாகச் சொல்ல முடிந்தது 2012-இல்தான். ஃபால்அவுட் நியூ வேகஸ் கதை இன்னும் வருத்தமானது. விமர்சகர்களின் மார்க்கைச் சேர்த்துச் சராசரி போடும் மெட்டாக்ரிடிக் தளத்தில் 85 வந்தால் போனஸ் என்று, அந்த ஆட்டத்தை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்துக்கு ஒப்பந்தம். வந்தது 84. போனஸ் இல்லை. பல பேர் போட்ட மார்க்கின் சராசரியில் ஒரே ஒரு எண் குறைந்ததற்கு, உழைத்தவர்களின் பணம் போயிற்று. இன்றைக்கும் ஆட்கள் ரசித்து விளையாடும் ஆட்டம் அது.

அடுத்தது, எந்த மெஷினில் ஆடினார், எத்தனை மணி நேரம் ஆடினார் என்று சொல்லாதவரை விட்டுவிடு என்றேன். சைபர்பங்க் 2077 என்ற ஆட்டம் வந்தது 2020 டிசம்பர் 10. அதற்கு முன் வந்த விமர்சனங்கள் கணினியில் ஆடி எழுதியவை. சோனியின் கேம் மெஷினான பிஎஸ்4-இல் அது எப்படித் திணறியது என்பது காசு கொடுத்து வாங்கியவர்களுக்குத்தான் தெரிந்தது. எட்டாம் நாள் சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. இந்த விஷயத்தில் டிஜிட்டல் ஃபவுண்ட்ரி என்ற குழுவின் ஆட்கள் நல்ல வேலை செய்கிறார்கள். எந்த மெஷினில் நொடிக்கு எத்தனை ஃப்ரேம் ஓடுகிறது என்று அளந்து காட்டிவிடுவார்கள்.

இதெல்லாம் காசு வீணாகாமல் இருக்க. ஆனால் ஒருவரைத் தேடித் தேடிப் படிப்பதற்குக் காரணம் இது இல்லை.

தானே புயல் நினைவிருக்கும். 2011 டிசம்பர் 30 காலை. கடலூர் முழுக்க மரமும் கம்பமும் சாய்ந்து கிடந்தன. திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. கணினி ஒரு மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் எப்போதோ வாங்கிய ஒரு பழைய ஆங்கில கேம் இதழை மெழுகுவத்தி வெளிச்சத்தில் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் இருந்த ஆட்டங்களில் ஒன்றைக்கூட நான் ஆடியதில்லை, ஆடும் வசதியும் இல்லை. இருந்தாலும் ஒரு கட்டுரையை விட முடியவில்லை. மழை பெய்யும் ஒரு தெருவில் சும்மா நடப்பதைப் பற்றி ஒருவர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். ஆட்டம் கையில் இல்லாமலே எழுத்து நின்றது. அன்றிலிருந்து இதுதான் என் அளவுகோல். இந்த ஆட்டத்தை நான் வாங்கவே போவதில்லை என்றாலும் இதைப் படிப்பேனா?

அப்புறம் இன்னொன்று. பிரின்ஸ் ஆஃப் பெர்சியா.

பள்ளிக்கூட நாளில் மஞ்சக்குப்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். ஒரு மணி நேரத்துக்கு 20 ரூபாய். ஆட்டத்திலும் இளவரசியைக் காப்பாற்ற இளவரசனுக்குக் கிடைப்பது 60 நிமிடம்தான். நாலாவது லெவலில் ஒரு கண்ணாடிக்குள் பாய வேண்டும். பாய்ந்ததும் அவனுடைய நிழல் தனியாகப் பிரிந்து ஓடும். கடைசி லெவல்களில் அதே நிழல் வாளோடு எதிரே வந்து நிற்கும். நான் வெட்டுவேன், என் உயிர் குறையும். மறுபடி வெட்டுவேன், மறுபடி குறையும். எத்தனை வாரம் அந்த இடத்தில் செத்தேன் என்று கணக்கே இல்லை. வாளை உறையில் போட்டுவிட்டு அவனை நோக்கி ஓடினால் இருவரும் ஒன்றாகிவிடுவார்கள். இதைப் பக்கத்து சீட்டு அண்ணன் ஒருவர் சொன்னார்.

பல வருடம் கழித்து அந்த நிழல் எப்படி வந்தது என்று ஒருவர் எழுதியதைப் படித்தேன். ஆட்டத்தை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் தன் தம்பி டேவிட்டை ஓடவிட்டு, தாவவிட்டு, வீடியோ எடுத்து, அதை ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்த்து இளவரசனின் அசைவுகளை உண்டாக்கினார். அத்தனை படங்களும் ஆப்பிள் 2 கணினியின் நினைவகத்தை விழுங்கிவிட்டன. எதிரிக்குப் புதிதாக ஒரு உருவம் வரைய இடமில்லை. அதனால் இளவரசனின் படத்தையே எடுத்து, ஒரு புள்ளி நகர்த்தி அதன் மேலேயே வைத்து, எக்ஸ்ஓஆர் என்ற சின்ன கணக்கைப் போட்டார். மினுங்கும் ஒரு நிழல் கிடைத்தது. அதிலிருந்துதான் கண்ணாடியும், பிரிவும், ஒன்று சேர்வதும் வந்தன.

படித்து முடித்ததும் எனக்கு மஞ்சக்குப்பத்து நாற்காலி நினைவுக்கு வந்தது. இடமில்லாத மெஷினில் பிறந்த நிழலோடுதான் அத்தனை வாரம் சண்டை போட்டிருக்கிறேன். நான் ஆடி முடித்துவிட்ட ஆட்டத்தை அந்த எழுத்து எனக்குத் திரும்பக் கொடுத்தது. இப்படிக் கொடுப்பவர் யாராக இருந்தாலும் அவரை விடாதே என்று பையனிடம் சொன்னேன். செலஸ்ட் ஆட்டத்தில் விளிம்பைத் தாண்டிக் கால் காற்றுக்கு வந்த பிறகும் ஒரு கண் சிமிட்டும் நேரம் தாவ அனுமதி உண்டு. ஆடுபவருக்கு அது தெரியவே தெரியாது, தன் கை சரியாக இருந்தது என்றே நினைப்பார். "கன்ட்ரோல் சூப்பர்" என்று எழுதிவிட்டுப் போகிறவர் வேறு, இதைப் பிடித்துச் சொல்கிறவர் வேறு. இரண்டாமவரைத் தேடுவது கஷ்டம்தான். கிரிட்டிக்கல் டிஸ்டன்ஸ் என்ற இணையதளம் 2009 முதல் இப்படிப்பட்ட கட்டுரைகளைத் தொகுத்துக் கொடுக்கிறது. அங்கே ஆரம்பிக்கலாம். பிடித்த கட்டுரை கிடைத்தால், எழுதியவர் பெயரைக் குறித்துக்கொண்டு அவர் போகும் இடத்துக்கெல்லாம் போ. பத்திரிகைகள் கை மாறும், மூடப்படும். எழுதுகிறவர் எங்காவது எழுதிக்கொண்டுதான் இருப்பார்.

எனக்கு உண்மையான ஆதங்கம் ஒன்று உண்டு. 2023-இல் வெண்பா என்ற ஆட்டம் வந்தது. 1980-களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், அழிந்துபோன எழுத்துகளோடு ஒரு சமையல் குறிப்பேடு, தமிழை விட்டு விலகிப் போகும் மகன் கவின். மறு வருடம் பிரிட்டனின் பாஃப்டா விருதும் வாங்கியது. அதில் இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பது ஒரு புதிர். நான் படித்த ஆங்கில விமர்சனங்கள் அதை அழகான சின்னப் புதிர் என்று சொல்லிவிட்டுக் கடந்தன. என் அம்மா பின்னால் நின்று பார்த்தவர், "குழிக்கு நேரா குழி வெக்காதடா, ஆவி எப்படிப் போகும்?" என்றார். அம்மாவுக்கு அது புதிரே இல்லை. கைப்பழக்கம். கனடாவில் அந்தக் கைப்பழக்கத்தைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, கிழிந்த ஏடுதான் இருக்கிறது. அது புதிராக மாறியதே அதனால்தான். இந்த ஒரு வரியைத் தமிழில் யாராவது விரித்து எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாகக் காத்திருக்கிறேன். சினிமாவைப் பற்றி நம் ஆட்கள் ஷாட் ஷாட்டாகப் பிரித்து எழுதுகிறார்கள். கேமுக்கும் அந்தக் கண் நம்மிடம் இருக்கிறது, எழுதத்தான் மாட்டேன் என்கிறோம். எழுதுகிறவர் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் தயவுசெய்து கீழே சொல்லுங்கள், முதல் ஆளாக வந்து படிப்பேன்.

பையன் இன்னும் 4,000 ரூபாயைச் செலவு செய்யவில்லை. அதுவரைக்கும் இதை ஆடு என்று பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவைக் காட்டிக்கொடுத்தேன். நேற்று ராத்திரி வாய்ஸ் மெசேஜ் வந்தது. "மாமா, அந்த நிழல வெட்டினா நான் சாவுறேன், என்ன பண்றது?"

பதில் சொல்லவில்லை. அவன் முகநூலில் இல்லை, அதனால்தான் இங்கே எழுத முடிகிறது. அவனாகத் தாண்டட்டும். தாண்டிய அன்றைக்கு அந்தக் கட்டுரையை அனுப்புவேன்.