அட்டையைக் கிழித்துவிட்டு ‘இதழ்’ என்று விற்பவர்களுக்கு

சென்னையிலிருந்து வந்த பொட்டலத்தை நேற்றிரவு சிங்கப்பூரில் என் ஈசூன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பிரித்தேன். பிரித்த கையோடு வயிறு எரிந்தது. ‘1952-ஆம் ஆண்டுக் கல்கி இதழ்கள், முழுத் தொகுப்பு, நல்ல நிலையில்’ என்று விற்றவர் எழுதியதை நம்பி, அஞ்சல் செலவு நீங்கலாக நூற்றெண்பது வெள்ளி (டாலர்) அனுப்பியிருந்தேன். வந்ததோ தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்துப் புதிதாகத் தைத்த ஒரு கட்டு. பசை வாசனைகூட இன்னும் போகவில்லை. அட்டைப்படம் இல்லை, தலையங்கம் இல்லை, விளம்பரம் ஒன்றுகூட இல்லை. ஓரத்தைச் சமப்படுத்துவதாக பைண்டர் கத்தி வைத்ததில், ஓவியர் மணியம் வரைந்த குதிரை முன்னங்கால்களை இழந்து நிற்கிறது.

அந்தக் காலத்தில் வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்த குடும்பங்கள்மீது எனக்குக் கோபமே இல்லை. 1950 முதல் 1954 வரை கல்கியில் ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வெளிவந்தபோது, அதைப் பத்திரப்படுத்த அவர்களுக்கு வேறு வழி ஏது? ஆனால் கதை மட்டும் வேண்டுமென்றால், சிராங்கூன் சாலைக்குப் போய் ஐந்து பாகங்களையும் வாங்கிக்கொண்டு வந்துவிட மாட்டேனா? நூலில் வராதவற்றுக்காகத்தானே நான் இதழைத் தேடுகிறேன்! சி.சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய ‘எழுத்து’ இதழின் கவிதைகளைத் தொகுப்புகளில் படிக்கலாம். அவற்றைப் பற்றி அடுத்தடுத்த இதழ்களில் நடந்த வாதங்களைத் தொடர்ச்சியாகப் படிக்க இதழ்கள்தாம் வேண்டும். ‘ஆனந்த விகட’னில் சில்பி வரைந்த கோயிற்சிற்பங்களை வெட்டிச் சட்டமிட்டு விற்றுவிட்டு, மிச்சத்தை எடைக்குப் போடுகிறவர்களை என்ன சொல்லித் திட்டுவது?

இந்த ஊரின் ஈரக்காற்றில் பழைய தாளைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. ஈரம் உறிஞ்சும் பெட்டி, ராமபாணப் பூச்சிக்கு அஞ்சி மாதந்தோறும் செய்யும் தூசு தட்டல் (அதற்கு வீட்டில் கிடைக்கும் ஏச்சு தனிக்கணக்கு) என்று இத்தனையும் செய்வது வெட்டுப்பட்ட கட்டுக்காகவா?

விற்றவரிடமே கேட்டேன். “கதை ஒரு பக்கம்கூட விடாமல் இருக்கிறதே சார்” என்றார். அட்டைகள் எங்கே என்று மீண்டும் கேட்டதற்கு இன்று காலை பதில் வந்தது: அவை பத்திரமாக இருக்கின்றனவாம், வேண்டுமானால் ஒவ்வொன்றும் பதினைந்து வெள்ளியாம்.