கடைசிப் பாகத்துக்கு மட்டும் ஏன் இந்தக் கொடுமை?

ஒரு மாயாஜால நாவல் தொடரை முதல் பாகத்திலிருந்து விடாமல் காசு கொடுத்து வாங்கி வருகிறவர்களைத்தான் பதிப்பாளர்கள் முடிவில் நட்டாற்றில் விடுகிறார்கள். தென் ஆப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் என்று தொடர் படிக்கிறவர்கள் வீட்டு அலமாரிகளைப் பாருங்கள். ஐந்து பாகம் ஒரே உயரத்தில் வரிசையாக இருக்கும். ஆறாவது மட்டும் மூன்றரை சென்டிமீட்டர் துருத்திக்கொண்டு, வேறு நிற முதுகோடு, வேறு எழுத்துருவோடு நிற்கும். அது அச்சுப் பிழையே இல்லை. விற்பனைத் திட்டமே அப்படித்தான்.

தென் ஆப்பிரிக்கா பெரும்பாலும் பிரிட்டன் பதிப்புகளின் விற்பனை எல்லைக்குள் வருகிறது. புதுப் புத்தகம் வெளியாகும் நாளில் லண்டன் கடைகளில் கெட்டி அட்டை இருக்கும். நமக்கு வருவது ஏற்றுமதிக்கென்று அடிக்கும் ட்ரேட் பேப்பர்பேக் என்ற பெரிய அளவு மெல்லட்டைப் பதிப்பு, ஏறத்தாழ 234க்கு 153 மி.மீ. கைக்கு அடக்கமான பி-ஃபார்மேட் என்ற சின்ன அளவு, 198க்கு 129 மி.மீ., பெரும்பாலும் பல மாதம் கழித்து, சில நேரம் ஒரு வருடம் கழித்துத்தான் வரும். தொடரைப் பாதியில் பிடித்தவர்களிடம் முந்தைய பாகங்கள் எல்லாம் இந்தச் சின்ன அளவில்தான் இருக்கும். கடைசிப் பாகம் மட்டும் அதில் கிடைக்காது. ஒரு வருடம் காத்திருக்கலாமே என்பார்கள். யார் செத்தார்கள், யார் அரியணை ஏறினார்கள் என்று வெளியான வாரத்திலேயே ஊர் முழுக்கப் பேசி முடித்துவிடுவார்கள். பிறகு காத்திருந்து என்ன பயன்?

காத்திருந்தாலும் விடிவு இல்லை, அதுதான் வயிறு எரிகிறது. கடைசிப் பாகம் வெளியாகும் நேரம் பார்த்து மொத்தத் தொடருக்கும் புது அட்டை போடுவார்கள். தொலைக்காட்சித் தொடர் வந்துவிட்டால் அட்டையில் நடிகர் முகம் வேறு. புதிதாகச் சேருகிறவருக்கு அழகான முழு செட். பத்து வருடம் கூடவே வந்தவருக்கு ஒட்டாத ஒரு பாகம். பழைய அட்டையில் கடைசிப் பாகத்தையும் சில ஆயிரம் பிரதி அடித்தால் என்ன குறைந்துவிடும்?

இனி வாங்கப்போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். கடையில் புத்தகத்தின் பெயரைச் சொல்லி ஆர்டர் கொடுக்காதீர்கள், கையிருப்பில் எது இருக்கிறதோ அதுதான் வந்து சேரும். ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாக 13 இலக்க ஐ.எஸ்.பி.என். என்ற அடையாள எண் உண்டு, அதைச் சொல்லுங்கள். உங்களிடம் உள்ள பாகத்தின் உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்து, விற்பனைப் பக்கத்தில் போட்டிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். 'பேப்பர்பேக்' என்ற ஒரு சொல்லை நம்பினால் மோசம் போவீர்கள், இரண்டு அளவுக்கும் அதே பெயர்தான். பிரிட்டன் செட்டோடு அமெரிக்கப் பதிப்பைக் கலக்க வேண்டாம், அளவும் அட்டையும் இரண்டுமே மாறும். முன்பதிவுப் பக்கத்தில் காட்டும் அட்டைப் படமும் இறுதியானதல்ல.

விலையைப் பற்றிப் பேசினால் ரத்தம் கொதிக்கிறது. பிரிட்டனில் அச்சுப் புத்தகத்துக்கு வாட் வரி பூஜ்ஜியம். 2020 மே 1 முதல் மின்னூலுக்கும் பூஜ்ஜியம். அதே புத்தகத்துக்கு இங்கே 15 சதவீதம், 2018 ஏப்ரலுக்கு முன்பு 14. அரிசி, பருப்பு, முட்டைக்கு வரி இல்லை என்பது நியாயம். 2019இல் மாவையும் சானிட்டரி நாப்கினையும் அந்தப் பட்டியலில் சேர்த்ததும் நியாயம். பிள்ளைகள் படிக்கும் புத்தகம் மட்டும் ஏன் வெளியே நிற்கிறது? நேரடியாக வெளிநாட்டிலிருந்து தருவித்தால் கணக்கு இன்னும் மோசம். சுங்க மதிப்போடு 10 சதவீதம் கூட்டி அதன் மேல்தான் வரி போடுவார்கள். 400 ராண்ட் புத்தகம் 440 ஆகி, வரி 66 ராண்ட். கூரியர்காரர் வாங்கும் கையாளும் கட்டணம் தனி. அச்சு வேண்டாம், மின்னூலில் படிக்கலாம் என்றாலும் அதையும் பிடித்து வைத்ததுண்டு. 'வீல் ஆஃப் டைம்' தொடரின் கடைசியான 14ஆம் பாகம் 2013 ஜனவரியில் கெட்டி அட்டையில் வந்தது, மின்னூல் ஏப்ரலில்தான் வந்தது. வேண்டுமென்றேதான் அப்படி வைத்தார்கள்.

சரி, வாங்கியாயிற்று. திறந்தால் முதல் பக்கத்திலேயே பாதிப் பெயர் நினைவில் இல்லை. முந்தைய பாகம் வந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும், நாலாயிரம் பக்கத்தை மறுபடி படிக்க யாருக்கு நேரம்? நான்கு பக்கத்தில் முன்கதைச் சுருக்கம் போட ஆசிரியருக்கோ எடிட்டருக்கோ ஒரு நாள் வேலை. நம் வார இதழ்த் தொடர்கதைகளிலேயே அந்த மரியாதை வாசகருக்கு இருந்தது! நம் ப்ளூம்ஃபொன்டைனில் 1892இல் பிறந்த டோல்கீனின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்றாம் பாகத்துக்கும் வாசகர்கள் காத்திருந்தார்கள். நாயகன் எதிரி கையில் சிக்கிய இடத்தில் 1954 நவம்பரில் நிறுத்தி, அடுத்ததை 1955 அக்டோபரில்தான் கொடுத்தார்கள். ஆனால் தாமதத்துக்கு ஒரு பெரிய காரணம் பின்னிணைப்புகள், வம்சாவளியும் காலவரிசையும் உள்ளே இருந்தன. அந்தக் காத்திருப்புக்குக் கைமேல் பலன் இருந்தது. இன்றைக்கோ பெயர்ப் பட்டியலைக்கூடப் பக்கம் மிச்சம் பிடிக்க வெட்டுகிறார்கள். வரைபடத்தை இரண்டு பக்கத்தில் விரித்துப் போட்டு, தலைநகரத்தை பைண்டிங் மடிப்பின் பள்ளத்துக்குள் விழ வைக்கிறார்கள். மின்னூலில் அதே வரைபடத்தைப் பெரிதாக்கினால் ஊர்ப் பெயர் ஒன்றும் தெரிவதில்லை.

பைண்டிங்கும் அப்படித்தான். கடைசிப் பாகம்தான் பெரும்பாலும் தடிமன், 900 பக்கம், ஆயிரம் பக்கம். அதை நூலால் தைக்காமல் வெறும் பசையில் நிறுத்துகிறார்கள். மலிவான சூட்டுப் பசை நாளாக நாளாக விறைத்துப்போகும். நடுவில் ஒரேயடியாக விரித்தால் முதுகு வெடித்துவிடும். முதுகை மேசையில் நிறுத்தி, முன் அட்டையையும் பின் அட்டையையும் கீழே சாயுங்கள். முன்னால் இருபது தாள், பின்னால் இருபது தாள் என்று மாற்றி மாற்றி மெல்ல அழுத்திக்கொண்டே நடுப்பக்கம் வரை வாருங்கள். வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள், பசை இளகிவிடும். டர்பன் ஈரக்காற்றுக்கு வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் ஆகாது. இத்தனை பத்திரத்தையும் வாசகர் தலையில் கட்டுவதற்குப் பதிலாக, அந்த ஒரு பாகத்தையாவது தைத்துக் கொடுங்கள். அதற்குக் கூடுதலாகக் கேட்கும் ராண்டைக் கொடுக்க நாங்கள் தயார்.