சிம்மக்கல் ரெக்கார்டிங் கடையும் அந்த வீடியோவும்

அந்த வீடியோவை நீங்க எல்லாரும் பாத்திருப்பீங்க. லிங்க் போட மாட்டேன், போட்டா அதுக்கும் வியூஸ் ஏறும். மதுரை சிம்மக்கல்ல கேசட்ல பாட்டுப் பதிஞ்சு குடுத்துக்கிட்டு இருந்த அண்ணேயோட கடையைக் காலி பண்ற அன்னிக்கு ஒருத்தர் உள்ள நுழைஞ்சு, அண்ணே எல்பி இசைத்தட்டையெல்லாம் அட்டைப்பெட்டியில அடுக்கிட்டு இருக்கும்போது மூஞ்சிக்கு நேரா போனை நீட்டி, "எத்தனை பாட்டைத் திருடி வித்திருப்பீங்க?"ன்னு ஒரு கேள்வி. "கடைசி திருட்டு கேசட் கடைக்கு குட்பை"ன்னு ஒரு தலைப்பு. அவர் ஒரு பதிலும் சொல்லாம சிரிச்சார். எழுபதை நெருங்குற மனுஷன். அந்தச் சிரிப்பைத்தான் என்னால தாங்க முடியல. கீழ கமெண்ட்ல ஆளாளுக்குத் தீர்ப்பு. "பைரசி ஒழிஞ்சது." "ஸ்பாட்டிஃபை இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு?"

அவர் திருடன் இல்ல. இந்தப் பதிவு முழுக்க நான் சொல்லப்போறது இது ஒண்ணுதான். வேற ஏதாவது எதிர்பார்த்தா இப்பவே ஸ்க்ரோல் பண்ணிடுங்க.

அந்தக் கடையில என்ன நடந்துச்சுன்னு தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். புதுப்படம் வந்தா அண்ணே காசு குடுத்து எல்பி வாங்குவார். எச்எம்வி, எக்கோ, இன்ரெக்கோன்னு இசைத்தட்டுக் கம்பெனி அட்டைகள் சுவர் முழுக்கத் தொங்கும். நாம ஒரு தாள்ல வேணுங்கிற பாட்டை எழுதி, ஒரு காலி கேசட்டோட குடுத்துட்டு வரணும். ரெண்டு மூணு நாள் கழிச்சுப் போனா பதிஞ்சு வச்சிருப்பார். அறுபது நிமிஷக் கேசட்ல ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம், அதாவது ஆறு பாட்டு, மிஞ்சினா ஏழு. எந்தப் பாட்டும் நடுவுல அறுந்துடக் கூடாதுன்னு நிமிஷமும் செகண்டுமா கூட்டிப் பாப்பார். கடைசிப் பாட்டு கொள்ளலைன்னா அவரா மாத்த மாட்டார். நாம போற வரைக்கும் வச்சிருந்து, "இது நிக்காது, சின்னப் பாட்டா ஒண்ணு சொல்லும்மா"ன்னு கேப்பார். ஒவ்வொரு கேசட்டுக்கும் முன்னாடி பஞ்சுல ஸ்பிரிட் தொட்டு, பதியிற மிஷினான டெக்கோட ஹெட்டைத் துடைப்பார். மீட்டர் முள்ளு சிவப்புக்குப் போகாம ஒரு கை எப்பவும் வால்யூம்ல இருக்கும்.

அப்புறம் அந்தக் கார்டு. கேசட் டப்பாக்குள்ள மடிச்சு வைக்கிற அட்டையில பாட்டோட முதல் வரி, பாடினவங்க பேரு, ஓரத்துல பாட்டு எழுதினவர் பேரு பச்சை மையில. "ப.அ."ன்னா பஞ்சு அருணாசலம். "கங்கை"ன்னா கங்கை அமரன். வாலி, மேத்தா, வைரமுத்து யாரையும் விட மாட்டார். ஷ்யாம் இசையமைச்ச பாட்டை இளையராஜா பாட்டுன்னு எழுதிக் குடுத்தா அடிச்சுத் திருத்திட்டுத்தான் பதிவார். வி.குமார், எம்.பி.ஸ்ரீனிவாசன்னு ரெண்டு இசையமைப்பாளர்களை எனக்கு அறிமுகப்படுத்தினது அந்தப் பச்சை மைதான். இன்னிக்கு உங்க ஆப்பைத் திறந்து ஒரு பழைய பாட்டுக்கு எழுதினவர் பேரைத் தேடிப் பாருங்க. பல பாட்டுக்கு இருக்காது, இருந்தாலும் தப்பா இருக்கும். படைப்பாளிக்கு மரியாதை இல்லைன்னு கமெண்ட் போட்ட தம்பி, இதையும் கொஞ்சம் யோசிங்க.

"என்ன இருந்தாலும் சட்டப்படி தப்புதானே?" தப்புதான். நான் மறுக்கல. காப்பிரைட் சட்டம் 1957லயே இருக்கு, 1984ல திருத்தி தண்டனையையும் கூட்டினாங்க. அண்ணேக்கும் அது தெரியும். ரெய்டுன்னு யாராவது சொன்னா ஷட்டரை இறக்கிட்டு நாள் முழுக்க சாப்பிடாம உள்ளேயே உக்காந்திருப்பார்னு அவர் வீட்டு அக்கா சொல்லிக் கேட்டிருக்கேன்.

ஆனா கலைஞன் வயித்துல அடிச்சார்னு சொல்றீங்க பாருங்க, அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. சினிமாப் பாட்டுக்கான உரிமை தயாரிப்பாளருக்குத்தான்னு 1977ல உச்ச நீதிமன்றமே சொல்லிருச்சு. அன்னிக்குப் பாட்டு எழுதினவரும் மெட்டுப் போட்டவரும் பெரும்பாலும் ஒரு தொகையை வாங்கிட்டு, மத்ததெல்லாம் எழுதிக் குடுத்துட்டு வந்தவங்க. ராயல்டியை, அதாவது பாட்டு ஓட ஓட வர்ற பங்கை, அவங்ககிட்டருந்து யாரும் எழுதி வாங்கிட முடியாதுன்னு சட்டம் வந்தது 2012ல. அதுக்கும் ஜாவேத் அக்தர் மாதிரி ஆளுங்க நாடாளுமன்றத்துல நின்னு பேச வேண்டியிருந்துச்சு. அப்ப இத்தனை வருஷமா அவங்க வயித்துல அடிச்சது யாரு? சிம்மக்கல்ல பத்துக்குப் பத்து கடையில ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தவரா? பெரிய இடத்தைக் கேள்வி கேக்க வாய் வராது. அட்டைப்பெட்டி அடுக்கிட்டு இருக்கிற வயசாளியைக் கேக்கணும்னா மட்டும் கேமராவோட வருவீங்க.

இன்னொண்ணு. 2016ல பம்பாய்ல ரிதம் ஹவுஸ் மூடினாங்க. 1948லருந்து காலா கோடாவுல இருந்த கடை, நாட்டுலயே பேரெடுத்த இசைக்கடை. இங்கிலீஷ் பேப்பரெல்லாம் பக்கம் பக்கமா எழுதினாங்க. நானும் படிச்சேன், நல்ல கடைதான், வருத்தப்பட வேண்டிய விஷயம்தான். "அவங்க ஒரிஜினல் வித்தாங்க"ன்னு சொல்வீங்க. ஆமா, வித்தாங்க. ஒரிஜினல் வாங்க வசதி இருந்தவங்களுக்கு வித்தாங்க. யானைக்கல்ல பழ மண்டி இருந்த காலத்துல மூட்டை தூக்கினவர் எந்த ரிதம் ஹவுஸுக்குப் போவார்? பன்னெண்டு படத்துலருந்து பன்னெண்டு பாட்டு வேணும்னா அவர் பன்னெண்டு எல்பியா வாங்குவார்? வாங்கினாலும் போட்டுக் கேக்க பிளேயர் எங்க இருக்கு? டீக்கடை, சலூன், லாரி செட், மினி பஸ்னு இந்த ஊர் வேலை பாத்துக்கிட்டே பாட்டுக் கேட்டுச்சுன்னா அது அண்ணே மாதிரி ஆளுங்களால. அவங்களுக்குத் திருடன்னு பேரு. நல்லா இருக்கு.

எங்க வீட்டுக் கதையைச் சொல்லிடறேன். அப்பா அப்ப சவூதியில, தம்மாம்ல கட்டட வேலை. போன் பேசணும்னா டிரங்க் கால், அதுக்குக் காசு கிடையாது. அம்மாவுக்கு எழுத்து அவ்வளவா வராது. லீவு முடிஞ்சு திரும்பிப் போறவங்ககிட்ட கேசட்ல பேசிக் குடுத்து விடுற வழக்கம் அந்தக் காலத்துல உண்டு. எங்க வீட்டுல டேப் ரெக்கார்டர் இல்ல. அம்மா என்னையும் கூட்டிக்கிட்டு அண்ணே கடைக்குப் போனாங்க. கூட்டமா பசங்க நிக்கிற கடை, அம்மா வாசல்லயே தயங்கி நின்னாங்க. அண்ணே விஷயத்தைக் கேட்டுட்டு எல்லாரையும் வெளிய அனுப்பினார். மைக்கை டெக்ல செருகினார். "சிவப்பு பட்டனை அமுக்கிட்டேன்க்கா, நீங்க பாட்டுக்குப் பேசுங்க"ன்னு சொல்லிட்டு, ஷட்டரைப் பாதிக்கு இறக்கிட்டு ரோட்டுல போய் நின்னுக்கிட்டார். அவரோட கால் ரெண்டும் மட்டும் கீழ தெரிஞ்சது. வந்தவங்களை "அப்புறம் வாங்கண்ணே"ன்னு அனுப்பிட்டு இருந்தார்.

அம்மா வாடகை, ரேஷன், அத்தை வீட்டுச் சண்டை எல்லாம் சொல்லி முடிச்சாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசல. டேப் ஓடிக்கிட்டே இருந்துச்சு. "புள்ள பக்கத்துலதான் இருக்கா"ன்னாங்க. என்னைப் பேசச் சொன்னாங்க, எனக்கு வெக்கம், வாயே வரல. அதையெல்லாம் அண்ணே அழிக்கல. "அவர் அதையும்தான் கேக்கட்டுமேக்கா"ன்னார். இன்னும் டேப் மிச்சம் இருந்துச்சு. "இதுல என்ன போடட்டும்?"னு கேட்டார். அம்மா டி.எம்.எஸ். பாட்டு ரெண்டு சொன்னாங்க. டி.எம்.எஸ். எங்க ஊர்ல பொறந்தவர், அம்மாவுக்கு அவர்னா உயிர். அப்பா ஊர் திரும்புறப்ப அந்தக் கேசட் தேஞ்சு டி.எம்.எஸ். குரல் குழற ஆரம்பிச்சிருந்துச்சு. அவ்வளவு ஓட விட்டிருக்கார்.

அந்த ரெண்டு பாட்டும் அனுமதி வாங்காம பதிஞ்சதுதான். போடுங்க கேஸை.

இதைப் படிச்சுட்டு "உணர்ச்சிவசப்படாதீங்க மேடம், காலம் மாறுது"ன்னு ஒருத்தர் வருவார். காலம் மாறுறது அண்ணேக்குத் தெரியாதா? பெரிய ஸ்பூல் டேப்லருந்து கேசட்டுக்கு வந்தார். சிடி வந்தப்ப ரைட்டர் வாங்கினார். எம்பி3 சிடி போட்டார். "மெமரி கார்டில் பாடல் ஏற்றித் தரப்படும்"னு போர்டு மாத்தினார். 2016 செப்டம்பர்ல ஜியோ வந்துச்சு, அதுக்கப்புறம் மெமரி கார்டும் வேண்டாம்னு ஆச்சு. அத்தனை மாத்தத்துக்கும் ஈடு குடுத்தவரைப் பாத்து அப்டேட் ஆகலைன்னு சொல்றது என்ன நியாயம்? அடுத்த வருஷமே பெரிய கம்பெனி ஐயாயிரம் பழைய பாட்டை ஒரு ரேடியோப் பெட்டிக்குள்ள போட்டு காரவான்னு வித்துச்சு. எல்லாரும் அப்பா அம்மாவுக்கு வாங்கிக் குடுத்து போட்டோ போட்டீங்க. தேர்ந்தெடுத்த பாட்டு, ஒரு பட்டன், தேட வேண்டாம். அண்ணே அதைத்தானே காலமெல்லாம் பண்ணிக்கிட்டு இருந்தார்?

ஆப்ல எல்லாம் பத்திரமா இருக்கும்கிறீங்க. விங்க்னு பாட்டுக் கேக்குற ஒரு ஆப் இருந்துச்சு, 2024ல மூடிட்டாங்க. அதுல வருஷக்கணக்கா லிஸ்ட் போட்டு வச்சிருந்தவங்க அதைத் தூக்கிக்கிட்டு வேற இடம் தேடி ஓட வேண்டியதாச்சு. அண்ணே பதிஞ்ச கேசட் எங்க வீட்டுல இன்னும் ஓடுது.

கூலா இருக்கிறதுக்காக வினைல்னு சொல்லி பழைய எல்பி வாங்குறவங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன். ஊர்ல மளமளன்னு கஃபே வருது, சுவர்ல எல்பியை ஆணி அடிச்சு மாட்டுறாங்க. அதே இளையராஜா எல்பி ஆன்லைன்ல ஆயிரக்கணக்குல விலை போகுது. அண்ணே சுவர்ல தொங்குனப்ப ஒருத்தரும் எட்டிப் பாக்கல. கடைசி வாரம் வெளியூர்லருந்து ஒரு வியாபாரி வந்து, கீறல் இருக்கு, அட்டை கிழிஞ்சிருக்குன்னு ஒவ்வொண்ணா ஒதுக்கி ஒதுக்கி விலையைக் குறைச்சு, மொத்தமா ஏத்திட்டுப் போனார். அண்ணே பேரம் பேசல. கீறல் எந்தப் பாட்டுல எத்தனாவது வரியில இருக்குன்னு அவர்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்தார்.

ஆர்டர் நோட்டுகளை அந்த வியாபாரி தொடல. பேப்பர்க்காரருக்குப் போடறதா இருந்துச்சு, நான் கேட்டு வாங்கிட்டு வந்துட்டேன். தேதி, பாட்டு, பக்கத்துல அண்ணேயோட குறிப்பு. "லாரி செட், ராத்திரி ஓட்ட, தூங்க விடாத பாட்டா." "சடங்கு வீடு, மைக் செட், சோகம் கூடாது." "மாப்பிள்ளை பார்க்க வர்றாங்க, பின்னாடி மெல்ல ஓடணும்." ஒரு பக்கத்துல "கண் ஆஸ்பத்திரி, கட்டு பிரிக்கிற வரைக்கும் கேக்க"ன்னு எழுதி, பணம் வாங்கலைன்னு ஒரு சுழி. இந்த ஊர் என்ன கேட்டுச்சு, எதுக்காகக் கேட்டுச்சுன்னு இவ்வளவு விவரமா வேற யாரும் எழுதி வச்சிருக்க மாட்டாங்க. ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுத்து இங்க போடப் போறேன். உங்க வீட்டுப் பரண்ல பச்சை மை கார்டு வச்ச கேசட் இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க. கார்டை போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க.

அந்த வீடியோவை ஷேர் பண்ணினவங்க சிலர் என் நட்புப் பட்டியல்ல இருக்கீங்க. யாருன்னு எனக்குத் தெரியும், அவங்கள்ல ரெண்டு மூணு பேர் பேரு இந்த நோட்டுலயே இருக்கு. காலேஜ்ல பிடிச்ச பொண்ணுக்குக் குடுக்கப் பதிஞ்ச கேசட்டெல்லாம் இதுலதான் எழுதியிருக்கு. வீடியோவை எடுத்துடுங்க. அண்ணே பேரன் அதைப் பாத்துட்டு, "தாத்தா, நீ திருடனா?"ன்னு கேட்டிருக்கான். எடுத்துட்டு எனக்கு ஒரு வரி சொல்லுங்க, நான் அவர் வீட்டுல சொல்லிடறேன்.