வீட்டு வேலையும் நடைப்பயிற்சியும் ஒன்றில்லை

"வீட்டு வேலை செய்யுறதே பெரிய எக்சர்சைஸ்தான். இதுக்கு மேல நடக்க வேற செய்யணுமாக்கும்?"

திருநெல்வேலிப் பக்கம் ஐம்பதைத் தொட்ட எந்த அத்தையிடமும் மதினியிடமும் நடைப்பயிற்சி பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள், இந்தப் பதில்தான் வரும். இதைச் சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். விடியுமுன் எழுந்து, ராத்திரி பாத்திரம் கழுவிக் கவிழ்க்கிற வரை ஓயாதவர்களைப் பார்த்து அப்படிச் சொல்ல எப்படித்தான் வாய் வருகிறதோ. ஆனாலும் அவர்கள் சொல்கிற பதிலையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, கூடவே இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. மிதமானது என்றால், பேச முடியும், பாட முடியாது என்கிற அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். கிணற்றில் நீர் இறைத்து ஆட்டுரலில் மாவாட்டிய காலத்தில் வீட்டு வேலை இந்தக் கணக்கில் வந்திருக்கும். இன்றைக்கு மோட்டாரும் கிரைண்டரும் வந்துவிட்டன. அடுப்படியில் மூன்று மணி நேரம் நின்றால் கால் கடுக்கும், இடுப்பு விட்டுப்போகும், மூச்சு மட்டும் வாங்காது.

மேலப்பாளையம், முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிற பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். மடியில் முறம், அதில் வெட்டிய இலை, ஒரு ஓரமாகத் தூள், நூல்கண்டு. குனிந்த கழுத்து நிமிராமல் விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். சுற்றுகிற எண்ணிக்கைக்குத்தான் கூலி. எழுந்து பத்து நிமிடம் நடந்தால் அந்த நேரத்துக்கான காசு போச்சு. அவர்களிடம் போய் "தினமும் ஒரு மணி நேரம் நடங்க" என்று எந்த முகத்தோடு சொல்வது? மணிக்கொரு தரம் எழுந்து வாசல் வரை போய் வருவது, உட்கார்ந்த இடத்திலேயே கழுத்தையும் தோளையும் சுழற்றிவிடுவது, கடைக்கு இலை வாங்கப் போகும்போது கொஞ்சம் வேகமாக நடப்பது என்று ஆரம்பிக்கலாம். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய விதியை அந்த 2020 வழிகாட்டுதலே எடுத்துவிட்டது.

அடுத்த தடை தெருவின் கண். காலையில் ஒரு பெண் கையை வீசி நடந்தால் "என்ன, சுகர் வந்துட்டா?" என்று நான்கு வீட்டில் கேட்பார்கள். சேலைக்கு ஷூ போட்டால் சிரிப்பார்களோ என்று வேறு கூச்சம். கோயிலுக்குப் போனால் மட்டும் யாரும் கேள்வி கேட்பதில்லை. நெல்லையப்பர் கோயில் பிராகாரங்களை நன்றாக வீசி நடந்து சுற்றிப் பாருங்கள், எவ்வளவு தூரம் என்று தெரியும். கும்பிட்ட மாதிரியும் ஆச்சு, நடந்த மாதிரியும் ஆச்சு. கோயில் தோதுப்படாதவர்களுக்கு மொட்டை மாடி இருக்கிறது. தனியாகப் போகத் தயங்குகிறவர்கள் பக்கத்து வீட்டு மதினியைக் கூட்டிக்கொள்ளுங்கள். துணைக்கு ஒருத்தி வாசலில் வந்து நின்றுவிட்டால் படுத்துக் கிடக்க மனசு வராது.

வெயில் ஒரு சாக்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். சித்திரை, வைகாசியில் நம்மூரில் எட்டு மணிக்கே அனல் அடிக்கும். அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் பொழுது சாய்ந்த பிறகு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வீட்டுக்குள்ளேயே நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுவது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது போதும். மூட்டுவலிக்காரர்கள் நடக்கவே கூடாது என்று நினைக்கிறார்கள். தொடைத் தசை வலுத்தால்தான் மூட்டுக்குப் பாரம் குறையும். டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேட்டுவிட்டு மெதுவாகத் தொடங்குங்கள். நடக்கும்போது நெஞ்சில் வலியோ இறுக்கமோ வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

சரி, இதையெல்லாம் செய்ய நேரம் வேண்டுமே? என்னைப் பொறுத்தவரை பெரிய முட்டுக்கட்டை அங்கேதான் இருக்கிறது. இந்தியாவில் போதிய உடலுழைப்பு இல்லாத பெண்கள் சுமார் 57 சதவீதம், ஆண்கள் 42 சதவீதம் என்று 2024இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று நம் வீட்டு அடுப்படியைப் பார்த்தாலே தெரியும். அப்பா அண்ணா ஸ்டேடியத்தில் நடந்துவிட்டு வரும்போது காப்பி தயாராக இருக்கிறது. அம்மா நடக்கப் போனால் அந்தக் காப்பியை யார் போடுவது? மகன் போடலாம், அப்பாவே போடலாம். இட்லி ஊற்ற ஆளுக்கொரு நாள் முறை வைத்துக்கொள்ளலாம். இதை வீட்டில் எல்லோரையும் வைத்துப் பேசி முடிக்காமல், அம்மாவுக்கு ஷூ மட்டும் வாங்கிக் கொடுத்தால் அது அட்டைப் பெட்டியிலேயே கிடக்கும்.

ஊருக்கும் ஒரு கோரிக்கை உண்டு. பாளையங்கோட்டையைத் தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு என்கிறோம். பள்ளிக்கூடங்களுக்கும் மைதானங்களுக்கும் இங்கே பஞ்சமில்லை. காலை ஐந்து முதல் ஏழு வரை அந்த மைதானங்களைத் தெருப் பெண்களுக்குத் திறந்துவிட்டு, ஒரு விளக்கும் ஒரு காவலாளும் போட்டால் போதும். பள்ளி நிர்வாகத்தோடு பழக்கம் உள்ளவர்கள், வார்டு கவுன்சிலரைத் தெரிந்தவர்கள் கேட்டுப் பாருங்கள். மனு எழுத நான் வருகிறேன்.