அதே மலை, அதே ஆடு என்கிறவர்களுக்கு

வேல்ஸ் நாட்டின் வடகரையில் கான்வி என்று ஒரு சிறிய ஊர். 1283-ல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு கட்டத் தொடங்கிய கோட்டைக்காகத்தான் அங்கே கூட்டம் வருகிறது. கோட்டையில் ஏறி, ஊரைச் சுற்றி இன்னும் ஏறக்குறைய முழுசாக நிற்கும் மதிலின்மேல் ஒரு நடை நடந்து, படகுத்துறையில் மீனும் சிப்ஸும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அதே ஊரில், பிளாஸ் மௌர் என்ற பழைய மாளிகைக்குப் பின்புறச் சந்தில் ராயல் கேம்ப்ரியன் அகாடமியின் காட்சிக்கூடம் இருக்கிறது. வருபவர்களில் பாதிப் பேருக்கு அது கண்ணிலேயே படுவதில்லை. ஒவ்வொரு கோடையிலும் அகாடமியின் உறுப்பினர்களான ஓவியர்கள் தங்கள் படங்களைக் கொண்டுவந்து அங்கே மாட்டுகிறார்கள்.

ஓவியம், கலை என்று லண்டனில் நிறையச் சுற்றுகிற நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "அங்க என்ன இருக்கப்போகுது? அதே மலை, அதே ஆடு, அதே கல்வீடு. உறுப்பினர் சங்கக் கண்காட்சிக்கெல்லாம் காலம் போயிடுச்சு" என்றார். அவர் மட்டும் இல்லை, இந்தப் பேச்சு பரவலாக இருக்கிறது. எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. அதனால்தான் இந்த நீளமான பதிவு.

அந்த மலைகளை முதலில் யார் வரைந்தார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1840களில் டேவிட் காக்ஸ் என்ற ஆங்கில ஓவியர் கான்வி ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள பெட்டுஸ்-அ-கோய்ட் கிராமத்துக்கு வருஷா வருஷம் வந்து வரைந்தார். அவரைப் பார்த்து இன்னும் பலர் வந்தார்கள். ரயில் பாதை வந்ததும் மான்செஸ்டரும் லிவர்பூலும் எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டன. அந்த நகரங்களில் பஞ்சாலையிலும் கப்பலிலும் பணம் சேர்த்தவர்களின் வீட்டுச் சுவர்களுக்கு மலையும் அருவியும் தேவைப்பட்டன. அப்படி வந்து பள்ளத்தாக்கிலேயே தங்கிவிட்ட ஓவியர்கள் சேர்ந்து 1881-ல் தொடங்கியதுதான் இந்த அகாடமி. முக்கியமானவர் மான்செஸ்டரில் பிறந்த கிளாரன்ஸ் வெயிட். அடுத்த ஆண்டே விக்டோரியா அரசியிடமிருந்து 'ராயல்' பட்டம் கிடைத்தது. சில ஆண்டுகளில் பிளாஸ் மௌர் மாளிகை குத்தகைக்கு வந்தது, நூறு வருஷத்துக்கு மேல் அங்கேதான் கண்காட்சிகள் நடந்தன.

'கேம்ப்ரியா' என்பது வேல்ஸின் பழைய லத்தீன் பெயர். அப்படி வேல்ஸின் பெயரைத் தாங்கிய அகாடமி, ஆரம்பித்தவர்களில் பெரும்பாலோர் இங்கிலாந்துக்காரர்கள். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் அந்தக் காலத்தையும் பாருங்கள். வேல்ஸ் பல்கலைக்கழகம் 1893-ல்தான் வந்தது. தேசிய நூலகத்துக்கும் தேசிய அருங்காட்சியகத்துக்கும் சாசனம் கிடைத்தது 1907-ல். ஒரு நாடு என்று சொல்லிக்கொள்ளப் பொது நிறுவனங்கள் அதிகம் இல்லாத காலத்தில், வேல்ஸின் பெயரில் ஒரு ஓவியர் அமைப்பு வடக்கின் ஒரு மூலையில் ஆண்டுதோறும் கண்காட்சி நடத்திக்கொண்டிருந்தது.

அப்புறம், 1881 என்றதும் எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். அதே ஆண்டில்தான் லிவர்பூல் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுபோக வைர்ன்வி ஆற்றின் குறுக்கே அணை கட்டத் தொடங்கினார்கள். லான்வுதின் என்ற கிராமம் அந்த நீருக்குள் போனது. தேவாலயம், வீடுகள், எல்லாம். நகரத்து மனிதர்கள் ஒரே சமயத்தில் வேல்ஸ் மலைகளிடம் இரண்டு விஷயங்களைக் கேட்டு வந்திருக்கிறார்கள்: ஒன்று தண்ணீர், இன்னொன்று காட்சி. இரண்டையும் ஒன்றாக வைத்துத் தட்டையாகப் பேசக் கூடாது, ஓவியர்கள் யார் வீட்டையும் மூழ்கடிக்கவில்லை. இருந்தாலும் அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றில் மனிதர் ஒரு சிவப்புப் புள்ளியாக, அளவு காட்டுவதற்காக நிற்கிறார். அவருக்கு அங்கே வயல் இருக்கிறது, கடன் இருக்கிறது, வேறொரு மொழி இருக்கிறது என்பது படத்தில் இல்லை.

இதை மாற்றியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் கிஃபின் வில்லியம்ஸ். 1918-ல் ஆங்கிள்சி தீவின் லாங்கெஃப்னியில் பிறந்தவர். வலிப்பு நோய் இருந்ததால் ராணுவத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஓவியம் வரையப் போகலாமே என்று சொன்னதே ஒரு மருத்துவர்தான். ஸ்லேட் கலைப் பள்ளியில் படித்தார், லண்டனில் ஏறக்குறைய முப்பது ஆண்டு பள்ளி ஆசிரியராக இருந்தார், பிறகு ஆங்கிள்சிக்கே திரும்பினார். கேம்ப்ரியன் அகாடமிக்கு 1969-லும் பின்னர் மறுபடியும் தலைவராக இருந்தார். வேல்ஸ் ஓவியர்களை வேல்ஸின் பெரிய நிறுவனங்களே கண்டுகொள்வதில்லை என்று வெளிப்படையாகக் குறை சொன்னவர்.

அவர் படங்களைப் புகைப்படத்தில் பார்த்திருந்தால் பார்த்ததாகவே கணக்கு வைக்காதீர்கள். அவர் பெரும்பாலும் கத்தியால் வரைந்தவர், வண்ணம் குழைக்கும் பேலட் கத்தி. கல் சுவர், பாறை, பனி, எல்லாமே அப்பிய வண்ணம். பக்கத்தில் போய் நின்றால், பனிக்கான வெள்ளை ஒரே இழுப்பில் வைக்கப்பட்டு, கத்தி விலகிய இடத்தில் வண்ணம் வரப்பு மாதிரி எழும்பி நிற்பது தெரியும். அந்த விளிம்பின் நிழலும் படத்தின் ஒரு பகுதி. ஆட்டிடையர் ஒருவர் வந்தால் நான்கைந்து கத்தி வீச்சில் முடிந்துவிடுவார். ஆனால் அவர் எதிர்காற்றில் குனிந்து நடக்கிறார் என்பதும், அவருக்குப் பின்னால் போவது அவருடைய நாய்தான் என்பதும் சந்தேகமில்லாமல் தெரியும். அந்த மனிதர் அளவு காட்ட நிற்பவர் இல்லை, அந்த மலைக்காரர்.

கிளாடியா வில்லியம்ஸும் க்வில்லிம் பிரிச்சர்டும் இன்னொரு வகை. கணவன் மனைவி, இருவரும் அகாடமி உறுப்பினர்களாக இருந்தவர்கள். க்வில்லிம் நிலத்தை வரைந்தார். கிளாடியா வரைந்தது பெரும்பாலும் மனிதர்களை: குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய், கடற்கரையில் குடும்பம், சாப்பாட்டு மேசை. கிளாடியா தன் முதிய வயதில், அணைநீரில் மூழ்கிய டிரவெரின் பள்ளத்தாக்கைப் பற்றி ஒரு தொடர் வரைந்தார். வைர்ன்வி கதையின் இரண்டாம் பாகம் அது. மறுபடியும் லிவர்பூல், மறுபடியும் குடிநீர். 1957-ல் நாடாளுமன்றத்தில் மசோதா வந்தபோது வேல்ஸின் உறுப்பினர் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை, ஆனாலும் நிறைவேறியது. 1965-ல் அந்தப் பள்ளத்தாக்கின் காப்பெல் கெலின் கிராமம் நீருக்குள் போனது. பள்ளி, அஞ்சலகம், தேவாலயம், பண்ணைகள். கிளாடியா அணையை வரைவதில் அக்கறை காட்டவில்லை. வீட்டைக் காலி செய்யும் பெண்களை, சாமான் சுமக்கும் கைகளை வரைந்தார்.

சரி, நண்பர் சொன்ன "அதே மலை"க்கு வருகிறேன்.

கோடைக் கண்காட்சியில் ஒருமுறை மாடியில் ஒரு படத்தின் முன்னால் வயதான இருவர் நின்று வெல்ஷ் மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு வாக்குவாதமாகிவிட்டது. ஒருவர் கையை நீட்டிக் கோடு போட்டுக் காட்டுகிறார், மற்றவர் தலையை ஆட்டி மறுக்கிறார். நான் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து, எனக்காக ஆங்கிலத்துக்கு மாறினார்கள். படத்தில் ஒரு மலைச்சரிவு, இரண்டு கல் சுவர்கள், ஒரு கேட். ஓவியர் சாலைக்கு மேலே நின்று வரைந்தாரா கீழே நின்றா என்பதுதான் தகராறு. மேலே நின்றிருந்தால் அந்தக் கேட் தெரியாதாம். "அப்படின்னா அவர் கேட்டை இடம் மாத்தி வெச்சிருக்கார்" என்று ஒருவர் கொஞ்சம் கோபமாகவே சொன்னார். அவர் அந்தப் பக்கம் ஆடு மேய்த்தவர். அந்தக் கேட்டைத் தன் கையால் எத்தனையோ தடவை கட்டியவராக இருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் அவர் அந்தப் படத்தைப் பார்த்த பார்வையை லண்டன் காட்சிக்கூடம் எதிலும் நான் பார்த்ததில்லை.

இதைத்தான் சொல்ல வருகிறேன். இங்கே வரைகிறவருக்கும் பார்க்கிறவருக்கும் அந்த இடம் தெரியும். மேகம் எந்தப் பக்கத்திலிருந்து ஏறும், பிப்ரவரியில் புல் என்ன நிறம், சிலேட் கல் நனைந்தால் நீலமா ஊதாவா என்று பார்க்கிறவர் சரிபார்ப்பார். ஓவியர் மாற்றக் கூடாது என்பதில்லை, கேட்டைத் தாராளமாக நகர்த்தலாம். ஆனால் நகர்த்தியதற்குப் படத்துக்குள் காரணம் இருக்க வேண்டும், ஏனென்றால் கேட்பதற்கு ஆள் இருக்கிறது. அடுத்த கோடையிலும் அதே ஆள் வருவார். ஒரு மலையை நாற்பது ஆண்டு வரைந்துகொண்டே இருக்கும் ஓவியர்கள் வேல்ஸில் இருக்கிறார்கள். அந்த மலையை அவர்கள் முடித்துவிடவில்லை என்பதால்தான் திரும்பப் போகிறார்கள். அதைப் பார்த்து "மறுபடியுமா" என்று கேட்பவர், அந்த நாற்பது படங்களில் இரண்டையாவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாரா என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

அப்புறம், மலை மட்டும்தான் இருக்கிறது என்பதே தவறு. ஷானி ரீஸ் ஜேம்ஸின் சுய உருவப் படங்களைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பெரிய கேன்வாஸ், சிவப்பு, நம்மை நேராக முறைக்கும் ஒரு முகம். 2003-ல் ஜெர்வுட் ஓவியப் பரிசு வாங்கியவர். அகாடமியின் தலைவராக இருந்த ஐவர் டேவிஸ் 1960களில் வெடிமருந்தை வைத்துக் கலை நிகழ்ச்சிகள் நடத்தியவர், பிற்பாடு வெல்ஷ் மொழிக்கும் மண்ணுக்கும் நேர்ந்த இழப்புகளை வரைந்தவர். பழமைவாதச் சங்கம் என்று முத்திரை குத்துகிறவர்கள் இந்தப் பெயர்களை ஏன் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை?

உறுப்பினர் கண்காட்சி என்ற முறையே எனக்குப் பிடித்திருக்கிறது. நூறு பேருக்கு மேல் உறுப்பினர்கள். ஒரு க்யூரேட்டர் தலைப்பு கொடுத்து, அதற்குப் பொருந்துகிற படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, சுவரில் நீளமான விளக்கம் ஒட்டுகிற வேலை இங்கே இல்லை. ஒவ்வொருவரும் அந்த ஆண்டு தாங்கள் எதில் மூழ்கியிருந்தார்களோ அதைக் கொண்டுவருகிறார்கள். பெரிய எண்ணெய் வண்ணப் படத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவு அச்சுப் படம் இருக்கும். ஒன்றுக்கொன்று சம்பந்தம் இருக்காது. எதைப் பார்ப்பது என்று நம்மிடம் யாரும் சொல்வதில்லை, நாமேதான் முடிவு செய்ய வேண்டும். பிடித்தால் வாங்கலாம். விற்றுப்போனதற்கு அடையாளமாகச் சிவப்புப் பொட்டு ஒட்டிய படங்கள் எவை என்று பார்ப்பதும் ஒரு பாடம். ஊர்க்காரர்கள் எதைத் தங்கள் வீட்டுக்குக் கொண்டுபோக விரும்புகிறார்கள் என்பது அதில் தெரிந்துவிடும்.

குறைகளும் இருக்கின்றன, மறைக்க வேண்டியதில்லை. சுற்றுலாப் பயணி வாங்கிப்போவார் என்று கணக்குப் போட்டு வரைந்த மாதிரி சில படங்கள் எப்போதும் கண்ணில் படும்: சூரிய அஸ்தமனம், வெள்ளையடித்த குடிசை, ஜன்னலில் பூந்தொட்டி. அந்தக் குடிசைகளில் பல இன்று வெளியூர்க்காரர்களின் விடுமுறை வீடுகள், உள்ளூர்ப் பிள்ளைகளால் வாங்க முடியாத விலை. இரண்டாவது வீட்டுக்கு மூன்று மடங்கு வரை கூடுதல் வரி போட 2023-லிருந்து வேல்ஸ் உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் வந்திருக்கிறது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். அந்தக் குடிசையை வரைகிறவர், அதன் ஜன்னலில் வருஷத்தில் பத்து மாதம் விளக்கு எரிவதில்லை என்பதையும் வரைய வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன். சிலர் வரைகிறார்கள். இன்னும் நிறையப் பேர் வரைய வேண்டும்.

இன்னொன்று, உறுப்பினர்களே உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் எந்த அமைப்பும் தெரிந்த முகங்களோடு நின்றுவிடும் ஆபத்து உண்டு. உறுப்பினர் அல்லாதவர்களுக்குத் தனியாகத் திறந்த கண்காட்சி நடத்துகிறார்கள், நல்லது. ஆனால் கோடைக் கண்காட்சியிலேயே ஒரு சுவரை இளையவர்களுக்கு ஒதுக்கினால் என்ன? சிலேட் சுரங்க ஊர்களிலிருந்து கலைக் கல்லூரிக்குப் போன பிள்ளைகளின் படம், நாற்பது ஆண்டு வரைந்தவரின் படத்துக்குப் பக்கத்தில் தொங்க வேண்டும். இரண்டு பேருக்கும் அது தேவை.

வடக்கில் இருப்பவர்களுக்கு இதற்கு மாற்றும் அவ்வளவாக இல்லை. தேசிய அருங்காட்சியகம் இருப்பது தெற்கே கார்டிஃபில், கான்வியிலிருந்து ரயிலில் நாலு மணி நேரத்துக்கு மேல். 2024-ல் அந்தக் கட்டடமே பழுதடைந்த நிலையில் இருக்கிறது, பணம் இல்லாவிட்டால் மூட நேரலாம் என்று அதன் நிர்வாகமே சொன்னது. தேசிய நிறுவனத்துக்கே இந்தக் கதி என்றால், ஒரு சந்துக்குள் இருக்கும் ஓவியர் சங்கம் தானாக நிலைத்துவிடும் என்று விட்டுவிட முடியாது. ஆள் வர வேண்டும், படம் விற்க வேண்டும்.

மான்செஸ்டர், லிவர்பூல், செஸ்டர் பக்கம் இருக்கும் நம்மவர்கள் பலர் கோடையில் கான்விக்குப் பிள்ளைகளோடு போவதைப் பார்க்கிறேன். போகும்போது ஒரு மணி நேரம் இதற்கு வையுங்கள். கண்காட்சிக்குக் கட்டணம் கிடையாது. மாடி உண்டு, கீழ்த்தளத்தோடு திரும்பிவிடாதீர்கள். முதலில் படங்களைப் பார்த்துவிட்டு அப்புறம் மதிலில் ஏறுவது என் யோசனை. அங்கிருந்து தெற்கே பார்த்தால் மலைகள் தெரியும், யார் எப்படி வரைந்திருக்கிறார்கள் என்று பிள்ளைகளே ஒப்பிட்டுச் சொல்வார்கள். ஒரு சிறிய அச்சுப் படம் வாங்க முடிந்தால் வாங்குங்கள், முடியாவிட்டால் எந்தப் படம் பிடித்தது என்று வாசலில் இருப்பவரிடமாவது சொல்லிவிட்டு வாருங்கள்.