அதைப் பிரியம் என்று மட்டும் எழுதாதீர்கள்

பாட்டி மறைந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. வந்த இரங்கல் செய்திகளில் பெரும்பாலானவை ஒரே வரியைத்தான் சொல்லின: "குதிரை என்றால் அவருக்கு உயிர்." நாங்களே எழுதிய நினைவுக் குறிப்பிலும் அந்த வரிதான் இருக்கிறது. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும், ஒரு பெண் அறுபது ஆண்டுகள் கண்ணாலும் கையாலும் கற்றுத் தேர்ந்த ஒரு துறையை, பிரியம் என்ற ஒற்றைச் சொல்லால் மூடிவிட்டோமே என்ற வருத்தம் என்னை விடவில்லை. இதே வேலையைத் தாத்தா செய்திருந்தால், கைதேர்ந்தவர் என்றுதான் எழுதியிருப்போம்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, ஒரு நள்ளிரவில் பாட்டி என்னை எழுப்பி லாயத்துக்கு அழைத்துச் சென்றார். பெட்டைக் குதிரை சினையாகிப் பதினொரு மாதம் முடிந்திருந்தது. குதிரைகள் பெரும்பாலும் ஆளரவம் அடங்கிய இரவில்தான் ஈனும் என்பதால், அதற்கு முந்தைய நான்கு இரவுகளும் அவர் அங்கேயே விழித்திருந்தார். ஈற்றின்போது முதலில் வெளிவர வேண்டியது வெண்மையான, மெல்லிய பனிக்குடப் படலம். அன்று வந்ததோ வெல்வெட்டுப் போன்ற சிவந்த பை. நஞ்சுக்கொடி நேரத்துக்கு முன்பே கருப்பையிலிருந்து பிரிந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். குட்டிக்குப் போகும் உயிர்க்காற்று அந்தக் கணமே குறையத் தொடங்கிவிடும். மருத்துவர் வரும்வரை காத்திருந்தால் குட்டி பிழைத்திருக்காது. பாட்டி ஒரு சொல்லும் பேசாமல் அந்தப் பையைக் கத்தரித்தார். குட்டியின் முன்னங்கால்களைப் பற்றி, தாய் முக்கும்போது இழுத்து, முக்கல் நின்றபோது தாமும் நிறுத்தி, வெளியே எடுத்தார். பிறகுதான் என் பக்கம் திரும்பி, மணி பார்க்கச் சொன்னார். குட்டி ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்துக்குள் தாய்க்கு நஞ்சுக்கொடி விழ வேண்டும் என்பது அவர் வைத்திருந்த கணக்கு. தாயின் நோயெதிர்ப்பு ஆற்றல் வயிற்றில் இருக்கும் குட்டிக்குப் போய்ச் சேர்வதில்லை, முதல் சில மணி நேரத்துச் சீம்பாலில்தான் அது கிடைக்கிறது என்பதை, குட்டி மடி தேடித் தடுமாறிய அந்த வேளையில்தான் எனக்கு விளக்கினார். இதையெல்லாம் பிரியம் மட்டுமே செய்திருக்க முடியுமா?

குதிரை குணமறிந்துதான் ஆண்டவன் அதற்குக் கொம்பு வைக்கவில்லை என்று யாராவது பழமொழி சொன்னால் அவருக்குக் கோபம் வரும். குதிரை பிற விலங்குக்கு இரையாகும் உயிர். கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். ஆனால் தன் வாலுக்கு நேர் பின்னே நிற்பவர் அதற்குத் தெரியமாட்டார். தெரியாமல் பின்னால் போய் நின்றுவிட்டு, அது உதைத்தால் குணம் கெட்டது என்பது என்ன நியாயம் என்று கேட்பார். காதுகள் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்று பார்த்தே அதன் மனநிலையைச் சொல்லிவிடுவார். வாயைத் திறந்து, மேல்வரிசை ஓரப்பல்லில் பத்து வயதையொட்டித் தோன்றி இருபதில் அடிவரை இறங்கும் பழுப்புக் கோட்டைப் பார்த்து வயதையும் சொல்வார். அந்தக் கோடு எல்லாக் குதிரைகளிலும் ஒரே சீராக வளர்வதில்லை என்று அவரே எச்சரிக்கவும் செய்வார்.

அவர் மிகவும் அஞ்சியது வயிற்றுவலிக்குத்தான். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது எதுவானாலும் முழு நீளக் குடலையும் கடந்தே வெளியேற வேண்டும். ஆகவே ஒரு குதிரை தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, தரையைக் காலால் பறித்தாலோ, அவர் தாடைக்கு அடியில் விரல் வைத்து நாடி எண்ணுவார். ஓய்விலிருக்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். அறுபதைத் தாண்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்காதே என்பார்.

ஒலிம்பிக்கில் டிரெஸ்ஸாஜ் என்னும் குதிரை நடைப் போட்டியில் ஆண்களோடு போட்டியிடப் பெண்களுக்கு 1952இல், ஹெல்சிங்கியில்தான் வழி திறந்தது. தாண்டும் போட்டிக்கு 1956 வரையும், மூன்று தேர்வுகள் அடங்கிய ஈவென்டிங் போட்டிக்கு 1964 வரையும் அவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த 1952இல் டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல் வெள்ளிப் பதக்கம் வென்றார். 1944இல் இளம்பிள்ளை வாதம் தாக்கி முழங்காலுக்குக் கீழே கால்கள் செயலிழந்த அவருக்கு, குதிரையில் ஏறவும் இறங்கவும் பிறர் துணை வேண்டியிருந்தது. பாட்டி அவரைப் பற்றிப் பேசும்போது இரக்கத்தின் சாயலே இருக்காது. காலால் கொடுக்க வேண்டிய குறிப்புகளை இடுப்பின் அசைவாலும் உடலின் எடையாலும் எப்படிக் கொடுத்திருப்பார் என்பதை மட்டுமே விவரிப்பார். தம்முடைய முழங்கால்களும் தளர்ந்துபோன கடைசி ஆண்டுகளில், அந்த விவரிப்பு இன்னும் நுணுக்கமாயிற்று.

குடும்பத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் இருந்ததில்லை. பிள்ளைகளின் படிப்பு, திருமணம், கடன், பாகப்பிரிவினை எல்லாம் அவர் வாய்ச்சொல்லில்தான் தீர்ந்தன. அத்தனையிலும் அவருடைய அறிவுக்குத் தலைவணங்கிய நாங்கள், லாயத்துக்குள் அவர் நுழைந்ததும் அதைப் பொழுதுபோக்கு என்று எண்ணிவிட்டோம். அதனால்தான் ஒருவரும் உட்கார்ந்து கேட்டு எழுதி வைக்கவில்லை. நானும் எழுதவில்லை.

அவருடைய ஸ்டெதஸ்கோப் இப்போது என்னிடம் இருக்கிறது. குதிரையின் வலப்பக்க விலாவுக்குப் பின்னே, மேற்புறத்தில் வைத்துக் கேட்டால், நிமிடத்துக்கு ஓரிரு முறை, தொட்டியிலிருந்து தண்ணீர் சட்டென்று இறங்குவது போன்ற ஓசை வரும். அது கேட்டால் குடல் இயங்குகிறது என்று அவர் சொல்லியிருந்தார். அன்று நள்ளிரவில் பிறந்த குட்டி இன்று கிழக்குதிரையாகிவிட்டது. நேற்று மாலை அதனருகில் நின்று கேட்டேன். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒருமுறை கேட்டது. இன்னொரு முறை வருகிறதா என்று, அவர் செய்வதுபோலக் கண்களை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.